நவீன ஓவியத்தில் ஈடுபாடு இல்லாத கணவரைச் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போகலாமா?

காட்பாடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தை என் கணவருடன் ஒருநாள் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கல்லூரியில் தமிழ் படித்த காலத்தில் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைச் சிற்றிதழ்களில் பார்த்துப் பழகியவள் நான். அந்தக் கோடுகளை வரைந்தவர் யாரிடம் கற்றார், யாருடன் படித்தார் என்று தேடியபோது கே.சி.எஸ். பணிக்கர், தனபால், சந்தானராஜ், முனுசாமி என்று சென்னை ஓவியக் கல்லூரியைச் சுற்றி எழுந்த நவீன கலை முயற்சியான சென்னைக் கலை இயக்கத்தின் பெயர்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாயின. அச்சில் மட்டுமே பார்த்தவற்றை அவற்றின் உண்மையான அளவிலும் வண்ணத்திலும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதைத் தனியாகப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் வெல்டிங் பட்டறை நடத்துகிறார். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவைதான் அவருடைய வேலை. அவர் கலையை அலட்சியம் செய்கிறவர் அல்லர். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போனால், கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு முன் நெடுநேரம் நின்று, இந்த இடத்தில் உளியை எப்படிப் பிடித்திருப்பான், கல் தெறிக்காமல் எப்படிக் குடைந்திருப்பான் என்று தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார். ஆனால் நவீன ஓவியம் என்று சொன்னதுமே, "எனக்கு அதெல்லாம் விளங்காது, நீ உள்ளே நிதானமாகப் பார், நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று அன்பாகவே ஒதுங்கிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு. அந்த ஒரு நாளை என் விருப்பத்துக்காக மரத்தடியில் கழிக்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏற்கெனவே போய்வந்தவர்களிடம் சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன். நவீன ஓவியப் பழக்கமே இல்லாத ஒருவர் அங்கே எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? காட்பாடியிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும்படி இதைத் திட்டமிட முடியுமா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, நான் படித்து அறிந்ததை அவருக்கு எவ்வளவு சொல்லலாம், எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும்?


செப்புத்தகடு:

வணக்கம் சகோதரி. நான் சிற்பக்கலை பயின்று, இப்போது மாணவர்களுக்குக் கற்பித்துவருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, சோழமண்டலத்தைப் பார்க்க உங்களைவிட உங்கள் கணவருக்குத்தான் கூடுதலான தகுதி இருக்கிறது என்பதே. இதை நான் உபசாரமாகச் சொல்லவில்லை.

சென்னைக் கலை இயக்கத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று உலோகத் தகட்டில் நிகழ்ந்தது. பி.வி. ஜானகிராம் (1930–1995) செம்பு, இரும்புத் தகடுகளை வெட்டி, தட்டி, வளைத்து, அவற்றின்மேல் கம்பிகளையும் தகட்டுக் கீற்றுகளையும் பற்றவைத்து உருவங்களைச் செய்தார். நம் ஊர்ச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை ஊற்றி உருவாக்கப்பட்டவை. உள்ளும் புறமும் கனமானவை. ஜானகிராம் அந்தக் கனத்தை விட்டுவிட்டார். உற்சவமூர்த்திக்குச் சாத்தும் கவசத்தையும் பின்னால் நிறுத்தும் திருவாசியையும் நினைத்துப் பாருங்கள். அவை தகட்டில் தட்டி எடுக்கப்பட்டவை, முன்னால் நின்று பார்ப்பதற்காகவே ஆனவை. அந்த மரபிலிருந்து ஒரு நவீன சிற்ப மொழியை எடுக்கலாம் என்று கண்டவர்களில் ஜானகிராம் முதன்மையானவர். பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் (1946–2017) அதே பாதையில் வேறொரு திசைக்குப் போனார். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, சில இடங்களில் எனாமல் வண்ணம் ஏற்றி, பறவையும் விலங்கும் தெய்வமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் உயரமான உருவங்களை அவர் செய்தார். எனாமல் என்பது இங்கே டப்பாவில் வாங்கும் பெயின்ட் அன்று. கண்ணாடிப் பொடியை உலோகத்தின்மேல் தூவி, சூளையின் வெப்பத்தில் உருகிப் பிடிக்கவைப்பது.

இப்போது உங்கள் கணவரை இவற்றின் முன் நிறுத்திப் பாருங்கள். கேட் செய்கிறபோது பற்றவைத்த தடம் தெரியாமல் கிரைண்டிங் செய்து மறைப்பதுதான் நல்ல வேலைக்கு அழகு. இந்தச் சிற்பங்களிலோ பற்றவைத்த தடமும் கம்பியும்தான் கண்ணிமையாகவும் ஆபரணமாகவும் துணிமடிப்பாகவும் நிற்கின்றன. செம்பு வெப்பத்தை உடனே வாங்கிப் பரப்பிவிடும். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துபோகும். தட்டத் தட்டத் தகடு இறுகிக்கொண்டே வரும், சூடேற்றி இளக்கினால்தான் மறுபடி தட்ட முடியும். இவ்வளவையும் மீறி ஒரு முகத்தில் சாந்தத்தைக் கொண்டுவருவது என்ன பாடு என்பதை, ஓவியம் பற்றி நூறு புத்தகம் படித்தவரைவிட வெல்டிங் கோலைப் பிடித்தவர் நன்றாக அறிவார். சிற்பத்தின் பின்பக்கம் தெரியும்படி வைத்திருந்தால் அவரைப் பின்னாலும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் என்ன சொல்ல வந்தது என்று காட்டும். பின்பக்கம் எப்படிச் செய்தார்கள் என்று காட்டும். தொட மட்டும் வேண்டாம், ஏனென்றால் கைவியர்வையின் உப்பு செம்பில் தடம் பதித்துவிடும்.

ஆகவே, நேராக ஓவியக் கூடத்துக்குள் நுழையாமல் முதலில் வெளியே இருக்கும் சிற்பத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். கல்லும் உலோகமும் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் நிற்கின்றன. அவர் மரத்தடியில்தான் உட்காருவேன் என்றாலும் சிற்பத்தின் எதிரேதான் உட்கார வேண்டியிருக்கும். கடற்காற்றில் செம்பு களிம்பேறிப் பச்சை பூத்திருப்பதையும் இரும்பு சிவந்திருப்பதையும் அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

அந்த இடம் உருவான வரலாற்றை மட்டும் நீங்கள் முன்கூட்டியே சொல்லலாம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. நன்கு பயின்று வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக எங்கோ ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அது. கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, தோல்வேலை, உலோகவேலை, மட்பாண்டம் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அதில் சேர்ந்த பணத்தில் அன்று வெறும் மணலும் சவுக்குமாகக் கிடந்த கடலோர நிலத்தை வாங்கி, 1966இல் 30க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இந்தக் கிராமத்தைத் தொடங்கினார்கள். கைவினையால் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் எவருக்கும் கட்டுப்படாமல் வரைவது என்பதே அவர்களுடைய ஏற்பாடு. தம் கைவேலையால் குடும்பத்தை நடத்தும் ஒருவருக்கு இந்தக் கதை ஓவியங்களைவிட முதலில் போய்ச் சேரும்.


திருவள்ளூர் பயணி:

வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். விரைவு வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவான்மியூரில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம் நோக்கிப் போகும் பேருந்துகள் ஈஞ்சம்பாக்கம் வழியாகச் செல்லும். ஓவியர் கிராமம் என்று நடத்துநரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் முற்பகலில் நிதானமாகப் பார்க்கத் தொடங்கலாம். நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் புறப்படுவதற்கு முதல்நாள் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்த வளாகத்தில் இருக்கும் வீடுகள் காட்சிக்கு உரியவை அல்ல. கலைஞர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அங்கே வாழ்கிறார்கள். அழைத்தால் ஒழிய வாசலைத் தாண்டிப் போகாதீர்கள். கேட்காமல் படமும் எடுக்காதீர்கள்.


பெரியமேடு வாசகர்:

செப்புத்தகடு ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சோழமண்டலத்துக்குப் போகும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். வாரத்தில் அதற்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறன்று திறந்திருக்கும்.

நீங்கள் வரும் ரயில் அரக்கோணத்தைத் தாண்டியதும் திருவாலங்காட்டைக் கடக்கும். அந்த ஊர் நடராசர் இன்று எழும்பூரில்தான் நிற்கிறார். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேயே இருக்கிறார். வலப்பக்கத் தோளுக்கும் இடப்பக்க இடுப்புக்கும் இடையில் ஓடும் அந்த ஒரே வளைவில் ஆணும் பெண்ணும் எங்கே பிரிகிறார்கள் என்று கண்ணால் கோடு கிழிக்க முடியாது. வார்ப்பின் உச்சத்தை முதலில் கண்ணில் ஏற்றிக்கொண்டு, அன்று பிற்பகலிலேயே ஜானகிராமின் தகட்டின் முன் போய் நின்றால், அவர் எதைக் கைவிட்டார், எதை விடாமல் பிடித்துக்கொண்டார் என்பது சொல்லாமலே விளங்கும். அதே வளாகத்தில் 1984இல் திறக்கப்பட்ட சமகாலக் கலைக்கூடமும் உண்டு.

நேரம் இருந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலையையும் பாருங்கள். அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌதரி சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், பணிக்கரின் ஆசிரியர். 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் நான்கு பேர் ஒரு பெரும்பாறையை நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு முதுகிலும் தொடையிலும் தசை எப்படி முறுகுகிறது என்பதை ராய் சௌதரி உடலிலிருந்து படித்து வடித்திருக்கிறார். அவரிடம் பயின்ற பணிக்கரும், அடுத்து வந்த தலைமுறையும் அந்த உடற்கூற்று வழியை விட்டு விலகிக் கோட்டுக்கும் குறியீட்டுக்கும் போனார்கள். எதிலிருந்து விலகினார்கள் என்று தெரியாமல், போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்குத்தான் நவீன ஓவியம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றுகிறது. உங்கள் கணவர் விளங்காது என்று சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.


கடலோரவாசி:

காட்பாடி அம்மாவுக்கு வணக்கம். நானும் என் கணவரும் ஓவியக் கூடங்களுக்குச் சேர்ந்து போகும் வழக்கம் உள்ளவர்கள். எங்களில் எனக்குத்தான் தொடக்கத்தில் இதில் நாட்டம் இல்லாமல் இருந்தது. ஆகையால் உங்கள் கணவரின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

பெரியமேடு வாசகர் சொல்லும் வரலாறு சரியானது. ஆனாலும் ஒரே நாளில் எழும்பூர், மெரினா, ஈஞ்சம்பாக்கம் மூன்றும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. காலையில் அத்தனை திருமேனிகளைப் பார்த்துவிட்டு, வெயிலில் அலைந்து, பிற்பகலில் ஓவியக் கூடத்துக்குள் நுழைகிறவர் எந்தப் படத்தின் முன்னும் நிற்க மாட்டார், நாற்காலியைத்தான் தேடுவார். எழும்பூரை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் போய்விடாது.

செப்புத்தகடு ஐயாவின் யோசனை மிக நல்லது. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. வெல்டிங் தெரிந்தவர் வெல்டிங்கைத்தான் பார்ப்பார் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் இளம் வயதிலேயே மறைந்த ஓவியர் கே. ராமானுஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மை நிரம்பிய நுணுக்கமான கோடுகளால் அவர் மாளிகைகளையும் பாம்புகளையும் பறக்கும் விலங்குகளையும் தேவதைகளையும் வரைந்து, அந்தக் கனவு நகரத்துக்குள் தொப்பி அணிந்த தம்மையும் நிறுத்தினார். வாழ்க்கை அவருக்கு எதையும் எளிதாகத் தரவில்லை. அவருடைய ஓவியம் ஒன்றின் முன் நின்றபோதுதான் நான் முதல் முறையாக, விளங்குகிறதா விளங்கவில்லையா என்ற கேள்வியையே மறந்தேன். அதற்கு எந்தத் தொழிலறிவும் தேவைப்படவில்லை. ஜே. சுல்தான் அலியின் காளைகளும் பழங்குடி உருவங்களும் சிலரை அப்படித்தான் பிடித்து நிறுத்துகின்றன. உங்கள் கணவரை எது நிறுத்தும் என்பது அவருக்கே அங்கே போன பிறகுதான் தெரியும்.

எவ்வளவு பேசலாம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். கூடத்துக்குள் நுழைந்ததும் நாங்கள் இருவரும் பிரிந்துவிடுவோம். அவரவர் வேகத்தில், அவரவருக்குத் தோன்றிய வரிசையில் பார்ப்போம். பெயர்ப்பலகையை முதலில் படிப்பதில்லை. முழுவதும் சுற்றி முடித்த பிறகு, ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சற்றும் பிடிக்காத ஒன்றையும் மற்றவருக்குக் காட்ட வேண்டும். பிடிக்காததைக் காட்டும்போது மறுப்புச் சொல்லக் கூடாது. இந்த நிபந்தனைதான் முக்கியம். பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் அச்சமின்றிப் பார்ப்பார். படித்தவர் பக்கத்தில் நின்று, இது இன்ன பாணி, இவர் இன்னாரின் மாணவர் என்று சொல்லிக்கொண்டே வந்தால், கேட்பவர் படத்தை விட்டுவிட்டுத் தம் அறியாமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆதிமூலத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும், உங்கள் கணவராகக் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

ஆர்.பி. பாஸ்கரனின் 'தம்பதியர்' வரிசை ஓவியம் ஏதேனும் கண்ணில் பட்டால் மட்டும் அந்த விதியை மீறி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். திருமணமான புதிதில் ஸ்டுடியோவில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொள்ளும் புகைப்படங்களிலிருந்து பிறந்தவை அவை. அப்படியொரு படம் நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அங்கே உங்களுக்குப் பேச நிறைய இருக்கும்.


காட்பாடி வாசகி:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. செப்புத்தகடு ஐயா எழுதியதை நேற்றிரவு உணவு முடிந்ததும் என் கணவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "செம்பா? எத்தனை கேஜ் தகடு?" என்று தகட்டின் தடிமனை மட்டும் கேட்டார். பிறகு சற்று நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வண்டி என்று அவராகவே கேட்டார். எழும்பூரை அடுத்த முறைக்கு ஒதுக்கிவைத்து, ஈஞ்சம்பாக்கத்துக்கு மட்டும் போவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்துகள் நிறைந்திருக்கும் என்று படித்திருக்கிறேன். உலோகத்தைப் பற்றி என் கணவர் எனக்குச் சொல்வார். அந்த ஓவியத்தின் முன் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது?


செப்புத்தகடு:

படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல அவை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் சொல்வதற்குச் சில செய்திகள் தருகிறேன்.

கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த பணிக்கர், இளமையில் கேரளத்துக் காயல்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றவர். அந்த நிலக்காட்சிகளை எவரிடம் காட்டினாலும் உடனே ரசிப்பார்கள். அந்தப் புகழோடு அவர் நின்றிருக்கலாம். மேற்கத்திய ஓவியத்தை நன்கு கற்ற பிறகு, நம்முடைய காட்சி மரபிலிருந்து ஒரு நவீன மொழி எழ முடியுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1963 முதல் 1977இல் மறையும்வரை அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை அந்தத் தேடலில் விளைந்தது. சாதகக் கட்டம், கணக்குச் சமன்பாடு போன்ற அமைப்புகள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமாக ஓடும் வரிகள், இடையிடையே மீன், பறவை, பாம்பு ஆகியவை பரப்பு முழுவதையும் நிரப்பும். நம் வீடுகளில் மஞ்சள் தடவிய சாதகத் தாளை எடுத்து விரித்தால், அதைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கட்டங்களும் சுழிகளும் ஏதோ ஒரு கனத்தைத் தருகின்றன அல்லவா? அந்தக் கனத்தைப் பொருளிலிருந்து பிரித்து எடுத்து, வடிவத்துக்கு மட்டும் கொடுத்தார் பணிக்கர். உங்கள் கணவர் சாதகக் கட்டத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார். அங்கிருந்து அவர் கண் எங்கே போகிறதோ, அந்த வழியே நீங்களும் பின்தொடர்ந்து போங்கள்.

கடலோரவாசி அம்மா சொன்னது மிகச் சரி. தொழிலறிவை வாசலாகத்தான் சொன்னேன். உள்ளே அவர் எங்கு வேண்டுமானாலும் போகட்டும். எழும்பூர் பற்றிப் பெரியமேடு வாசகர் சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். சோழமண்டலத்தைப் பார்த்த பிறகு திருமேனிகளைப் பார்ப்பதும் வேறு விதத்தில் நல்ல வரிசைதான்.

உங்களுக்காக ஒன்று. ஆதிமூலத்தின் கோட்டை நேரில் பார்க்க வாய்த்தால், படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, கோடு எங்கே தொடங்கி எங்கே பேனாவை எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி ஓவியங்களில் ஒரே முகம் எத்தனை வேகத்தில், எத்தனை அடர்த்தியில் மாறி மாறி வருகிறது என்பது அச்சில் பாதிதான் தெரியும். சோழமண்டல அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருப்பவை அவ்வப்போது மாறும். ஆகவே குறிப்பிட்ட ஒரு படத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாமல், அன்று சுவரில் இருப்பதைப் பாருங்கள்.

வளாகத்தில் விற்பனைக்கான கூடங்களும் இருக்கின்றன. விலை கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டால் வாங்கியே ஆக வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பெரிய ஓவியங்களின் விலை நம் கைக்கு எட்டாமல் இருக்கலாம். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கப்படும் அச்சோவியங்களும் சிறிய கோட்டோவியங்களும் அவற்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்குவதானால் இருவருக்கும் பிடித்ததை மட்டும் வாங்குங்கள். அச்சோவியமானால், அதில் கலைஞரின் கையொப்பமும் எத்தனையாவது படி என்ற எண்ணும் பென்சிலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டின் கேஜ் ஒவ்வொரு சிற்பத்துக்கும், ஒரே சிற்பத்திலேயே இடத்துக்கு இடமும் மாறும். வெட்டிய விளிம்பு வெளியே தெரியும் இடத்தில் குனிந்து பார்த்தால் உங்கள் கணவரே சொல்லிவிடுவார்.